நாற்பத்தோராம் நாள் நாடகம்

குடிகாரனாக நடிப்பதற்கு மாத்தளை நகரில் அந்த ஆண்டு தியாகராஜாவைத் தவிர வேறு எவரும் கிடைக்கவில்லை. வாசிகசாலைக்குப் புதிய கட்டடம் எழுப்புவதற்காக அரங்கேறவிருந்த ‘அணைந்த அடுப்பு’ என்னும் நாடகத்தில், நீதிபதியாக நடிக்க ஐந்து பேரும் துறவியாக நடிக்க மூன்று பேரும் போட்டியிட்டார்கள். குடியால் குடும்பத்தை அழிக்கும் சண்முகம் என்ற முதன்மைப் பாத்திரத்தை ஏற்க ஒருவரும் இசையவில்லை. மேடையில் ஒருமுறை தள்ளாடினால் வீதியில் ஆயுள் முழுவதும் அந்தப் பெயரால் அழைப்பார்கள் என்று அஞ்சினார்கள். தியாகராஜாவுக்கு அந்த அச்சம் தேவைப்படவில்லை. நகரம் அவரை ஏற்கெனவே அப்படித்தான் அறிந்திருந்தது.

அவர் யாழ்ப்பாணத்துச் சங்கானையைச் சேர்ந்தவர். காணிக் கந்தோரில் எழுதுவினைஞர். அழகான கையெழுத்து; அடக்கமான பேச்சு. வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் சாராயத் தவறணை ஒன்று இருந்தது. அதைக் கடந்து நேரே வீடு வந்து சேர்ந்த நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவந்தன. அவருடைய மனைவி சுசீலாதேவி, திருமணத்துக்கு முன் ஆசிரியையாக இருந்தவர், இப்போது அயலாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தே அடுப்பை எரித்துவந்தார். சம்பள நாளன்று பிற்பகலில் கந்தோருக்கு எதிரேயுள்ள மாமரத்தின் கீழ், கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு அவர் வந்து நிற்பார். சம்பளம் தவறணைக்குள் நுழையுமுன் வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்பதற்காக வந்து நிற்பதை அறியாதவர் அங்கே இல்லை. உடன் வேலை செய்தவர்கள் அந்த நாளுக்குக் “குடை விரியும் நாள்” என்று பெயரிட்டிருந்தார்கள். தியாகராஜாவும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பார். சிரித்தபின் நெடுநேரம் ஒன்றும் எழுதமாட்டார்.

1963ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள், அவர்களுடைய ஒரே மகள், பதினொரு வயதுச் சந்திரவதனா, தந்தையைத் தேடித் தானாகவே தவறணைக்குச் சென்றாள். அங்கிருந்தவர்கள் கெட்டவர்களல்லர். பிள்ளையை முக்காலியில் அமர்த்தி, சோடா உடைத்துக் கொடுத்து, தந்தை எழுந்திருக்கும்வரை கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீடு திரும்பிய பிள்ளை, தவறணைக்காரர் மிக நல்லவர் என்றும், தன்னை இனி எந்நாளும் வரச்சொன்னார் என்றும் மகிழ்ச்சியோடு தாயிடம் சொன்னாள்.

அதுவரை அழுதும் ஏசியும் பார்த்த சுசீலாதேவி அன்று அழவுமில்லை, ஏசவுமில்லை. தகரப் பெட்டியை இழுத்துத் தன்னுடைய சேலைகளையும் மகளின் பச்சைச் சட்டையையும் மற்ற நல்ல உடுப்புகளையும் மடித்து அடுக்கினார். பிறகு கணவரிடம் சொன்னார்.

“இனி ஒரு துளி பட்டாலும், அடுத்த நாள் விடியக் கோச்சியிலை ஏறி நானும் பிள்ளையும் சங்கானைக்கு என்ரை தாய்வீட்டை போயிடுவம். நான் திரும்பி வரமாட்டன்.”

மறுநாள் தியாகராஜா மாரியம்மன் கோயிலுக்குச் சென்று மஞ்சள் நூல் ஒன்றைக் கையில் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாட்கள், தொடுவதில்லை என்பது நேர்த்தி. அந்த நாட்கள் நிறைவேறினால் பெட்டியைப் பிரிப்பதாக மனைவி ஒப்புக்கொண்டார். அதுவரை பெட்டி கட்டிலின் கீழே கட்டியபடியே இருந்தது. சந்திரவதனா பள்ளிச் சீருடையையும் வீட்டில் அணியும் ஒரு பழைய சட்டையையும் மாற்றி மாற்றி அணிந்தாள்.

தபாற்கந்தோரில் பணியாற்றியவரும் நாடகத்தை எழுதி நெறிப்படுத்தியவருமான சுந்தரலிங்கம், மிகுந்த கூச்சத்தோடு வேடத்தைப் பற்றிப் பேச வந்தபோது நேர்த்தியின் ஆறாம் நாள். தியாகராஜா தலைகுனிந்துகொண்டிருந்தார். ஒத்திகை எந்த நேரம் என்று உள்ளேயிருந்து சுசீலாதேவி கேட்டார். மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை என்று பதில் வந்தது. அவை அவர் தவறணையில் கழித்துவந்த மணிகள்.

“நடிப்பார்,” என்றார் சுசீலாதேவி.

ஆனால் தியாகராஜாவுக்குக் குடிகாரனாக நடிக்கத் தெரியவில்லை. வாழ்நாளில் ஒருமுறையும் அவர் தள்ளாடியதில்லை. குடித்தால் அவர் முன்னிலும் நேராக நிற்பார், குரல் தாழும். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, சட்டைக் கையை அளந்ததுபோல் இரண்டு மடிப்பு மடிப்பார். அந்த இரண்டு மடிப்பு விழுந்துவிட்டால் அன்றைய நாள் முடிந்தது என்பது சுசீலாதேவிக்குத் தெரியும். அந்த அமைதியை மேடையில் காட்டினால் சபைக்கு விளங்காது என்பது சுந்தரலிங்கத்தின் கட்சி. ஆகவே இரண்டு கிழமைகள் அவருக்குத் தள்ளாடப் பழக்கினார்கள். சண்முகத்தின் மனைவி கமலமாக நடித்த புடவைக்கடை விற்பனையாளர் ஜைனுதீன்தான் இறுதியில் நடந்து காட்டினார்.

“ஸேர், பஸ் வளைவுல திரும்பும்போது நிக்கிற மாதிரி நில்லுங்க. அவ்வளவுதான். நான் ஒரு சொட்டும் குடிக்காதவன், எனக்கு வருது. இவ்வளவு படிச்ச நீங்க தடுமாறுறீங்களே.”

ஒத்திகைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். தியாகராஜா நாலந்தாவுக்குப் போகும் வீதியின் வளைவுகளை நினைத்து நினைத்துத் தள்ளாடினார். மிகையான தள்ளாட்டம், ஆனால் எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

இந்தப் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள்: பல்லேகமப் பக்கத்துக் காட்டில் ஒரு மலைமைனா வாழ்ந்ததாம். அது சிறுத்தையின் உறுமலைக் கற்றுக்கொண்டு மற்றப் பறவைகளை நடுங்கச் செய்து மகிழ்விக்கும். ஒருநாள் உண்மைச் சிறுத்தையே அந்த மரத்தடிக்கு வந்து உறுமியது. பறவைகள் எல்லாம், இன்று நம்முடைய மைனா சற்றுச் சோம்பலாகப் பாடுகிறது என்று எண்ணிக் கண்களை மூடிக்கொண்டன. மைனாவின் உறுமல் எப்போதும் சிறுத்தையின் உறுமலைவிடப் பெரிது. உண்மைச் சிறுத்தை மெல்லத்தான் பேசும். அந்த வேறுபாடு பக்கத்துக் கிளையில் இருந்த மைனாவின் துணைக்கு மட்டுமே தெரிந்தது. துணை என்ன செய்தது என்பதில் கதை சொல்வோரிடையே ஒற்றுமை இல்லை.

நாடகத்துக்குத் திரும்புவோம். அந்நாளைய வழக்கப்படி, திரைக்குப் பின்னே ஒருவர் நாடகம் எழுதிய கொப்பியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வசனத்தையும் மெல்ல எடுத்துக்கொடுப்பார். நடிகர் அதைக் கேட்டு உரத்துச் சொல்லுவார். தியாகராஜாவுக்கோ குடியை விட்ட நாளிலிருந்து கை நடுங்கியது, நினைவும் நழுவியது. எடுத்துக்கொடுப்பவர் எதைச் சொன்னாலும் அதை அப்படியே திருப்பிச் சொல்லிவிடுவார். ஒருநாள் கொப்பியில் அடைப்புக்குள் எழுதியிருந்த குறிப்பை எடுத்துக்கொடுத்தவர் தவறுதலாக வாசித்துவிட, தியாகராஜா மார்பில் கையை வைத்து, “இருமிக்கொண்டே உட்காருகிறான்” என்று உருக்கமாக முழங்கினார். ஜைனுதீன் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு ஓடினார்.

அதன்பிறகு அந்தப் பணி சுசீலாதேவியிடம் வந்தது. வீட்டில் அவர்தான் நாள்தோறும் வசனங்களைச் சொல்லிக்கொடுத்துவந்தார். கணவருக்கு அந்தக் குரலே எளிதில் பிடிபட்டது. பெண் ஒருத்தி மேடைக்கு வருவதா என்று நாடக மன்றத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். வலப்பக்கத் திரைக்குப் பின்னே வாங்கில் உட்கார்ந்தால் எவர் கண்ணிலும் படமாட்டார் என்று சுந்தரலிங்கம் சமாதானம் செய்தார்.

அரங்கேற்றம் ஒரு ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு. யட்டவத்தையிலிருந்தும் நாலந்தாவிலிருந்தும் வருபவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் அந்த நேரம். நேர்த்தியின் நாற்பத்தோராம் நாள். பாடசாலை மண்டபம் நிறைந்து, யன்னல்களிலும் மனிதர்கள் தொங்கினார்கள். முன்வரிசையில் தியாகராஜாவின் மேலதிகாரி அமர்ந்திருந்தார். இரண்டாம் வரிசையில், அயல்வீட்டுச் சுந்தரம்மாவின் பக்கத்தில், சீருடையோடு சந்திரவதனா.

மேடைக்கு வேண்டிய சாராயப் போத்தலை மூன்றுமுறை கழுவி, அதில் தானே காய்ச்சிய சாயத் தேநீரை நிரப்பி, மேசைமேல் வைத்தவர் சுசீலாதேவி. பின்வரிசைக்கும் தெரியட்டும் என்று கறுக்கக் காய்ச்சியிருந்தார்.

ஒப்பனை அறையில் தியாகராஜாவின் கை நடுங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தர்மராஜா. வீதி வேலைகளை மேற்பார்வை செய்யும் ஓவசியர். பத்தாண்டுக் காலக் குடித்தோழர். நண்பர் குடியை விட்டதில் அவருக்குக் கோபம் இல்லை, தனிமை இருந்தது. ஒட்டிய மீசையைக்கூட நேராகப் பிடிக்க முடியாமல் நண்பர் படும் பாட்டை அவரால் தாங்க முடியவில்லை. இந்தக் கையோடு மேடைக்குப் போனால் மேலதிகாரியின் முன்னே இவன் அவமானப்படுவான் என்று எண்ணினார். இன்றைக்கு மட்டும், இந்த ஒரு காட்சிக்கு மட்டும், நண்பனுக்குத் துணை செய்ய வேண்டும் என்று தோன்றியது. திரை விழுந்திருந்த இடைவேளையில், மேடைப் போத்தலிலிருந்த தேநீரைப் பின்வாசலில் ஊற்றிவிட்டுத் தம்முடைய சாராயத்தை அதில் நிரப்பினார். நோயாளிக்கு மருந்து கொண்டுவந்தவரின் முகத்தோடு சபைக்குப் போய் உட்கார்ந்தார்.

திரை எழுந்தது. கமலம் அடுப்பங்கரையில் அழுதுகொண்டிருக்க, சண்முகம் தள்ளாடி உள்ளே வருகிறான். மண்டபம் ஆரவாரித்தது. சந்திரவதனா மட்டும் சிரிக்காமல் தந்தையின் கால்களையே பார்த்தாள். சண்முகம் மேசையருகே வந்து, கிண்ணத்தை நிறைய ஊற்றி, ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். மனைவி கையால் நிரப்பிய போத்தல் என்ற நம்பிக்கையோடு தியாகராஜா கிண்ணத்தை உயர்த்தினார். முதல் மிடறு தொண்டையைச் சுட்டது. கண்கள் ஒருமுறை விரிந்தன. கிண்ணம் அங்கே நின்றது. பிறகு மெல்லச் சரிந்து காலியாயிற்று.

அடுத்த வசனத்தைச் சுசீலாதேவி எடுத்துக்கொடுத்தார்: “இது வீடா, சுடுகாடா?” அவர் அதைச் சொன்னார். ஆனால் தள்ளாடவில்லை. நேராக நின்றார். குரல் தாழ்ந்திருந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றிப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தார். வலக்கைச் சட்டையை ஒரு மடிப்பு மடித்தார்.

எதிர்ப்பக்கத் திரைக்குப் பின்னிருந்து சுந்தரலிங்கம் பதறினார்: “ஆடும் ஐசே, ஆடும்!”

சுசீலாதேவி கொப்பியிலிருந்து கண்ணை எடுத்துப் போத்தலைப் பார்த்தார். யன்னல் வெளிச்சத்தில் அது பொன்னிறமாகத் தெரிந்தது. அவர் காய்ச்சிய தேநீர் கறுப்பு.

இரண்டாவது மடிப்பும் விழுந்தது. மேடையில் நின்றவர் தாமாகவே இரண்டாவது கிண்ணத்தை ஊற்றினார். நாற்பது நாட்களாக நடுங்கிய கை, இப்போது ஒரு துளியும் சிந்தாமல் ஊற்றியது.

சுசீலாதேவி திரையைப் போடச் சொல்லலாம். மேலதிகாரி முன் உண்மை வெளிவரும். எழுந்து ஓடலாம், அந்தப் பெண் மேடையேறிக் குடிகாரனைப் பிடித்தாள் என்று ஊர் சொல்லும், பிள்ளை கேட்கும். அவரிடம் இருந்தது எடுத்துக்கொடுக்கும் அந்த மெல்லிய குரல் ஒன்றுதான். கொப்பியில் அடுத்த வசனம் “ஊற்றடி இன்னொன்றை” என்று இருந்தது. சுசீலாதேவி அதை வாசிக்கவில்லை.

“எனக்கு இது வேண்டாம்,” என்று எடுத்துக்கொடுத்தார்.

தியாகராஜா அசையவில்லை. அந்த வசனம் நாடகத்தில் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஒரு மாதமாக இந்த நாடகத்தை அதே குரலில்தான் கேட்டிருந்தார். இருமிக்கொண்டே உட்காருகிறான் என்று சொன்ன நாளைப்போல நா தானாகச் சொல்லிவிடவில்லை. கிண்ணம் மார்பளவு உயர்ந்திருந்தது. மண்டபத்தில் ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது.

“எனக்கு இது வேண்டாம்,” என்று மறுபடியும் அந்தக் குரல் வந்தது.

பிறகு அது வரவில்லை. திரைக்குப் பின்னே கொப்பி மூடப்படும் ஓசை மட்டும் அவருக்குக் கேட்டது. அவர் தலையைத் திருப்பவில்லை. ஆனால் இரண்டாம் வரிசை அவர் பார்வைக்கு நேரே இருந்தது. நாற்பத்தொரு நாட்களாக நல்ல சட்டை அணியாத பிள்ளை அங்கே இருந்தாள்.

“எனக்கு இது...” என்றார் தியாகராஜா. கிண்ணம் சற்றுத் தாழ்ந்தது. “எனக்கு இது வேண்டாம்.”

மூடிய கொப்பியை மடியில் அழுத்திக்கொண்டு சுசீலாதேவி உடனே அடுத்ததைக் கொடுத்தார், அவரும் உடனே சொன்னார்: “கமலம், இதை எடுத்துக்கொண்டு போ.”

கமலமாக நின்ற ஜைனுதீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்தக் காட்சியில் அவர் அடிபட்டு விழ வேண்டும். அதற்காக முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு வந்திருந்தார். கிண்ணத்தை வாங்கியவர் அதன் மணத்தை உணர்ந்தார்.

“யா அல்லாஹ்,” என்றாள் சைவக் குடும்பத்துக் கமலம்.

மண்டபம் இடிந்து விழும்படி சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் ஜைனுதீன், கிண்ணத்தையும் போத்தலையும் சேலைத் தலைப்பால் தொட்டுத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி, பின்வாசலில் கவிழ்த்தார். திரை விழுந்தது.

உள்ளே சுந்தரலிங்கம் தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தார். அடிக்காமல் கமலம் எப்படிச் சாவாள், கமலம் சாகாமல் சண்முகம் எப்படித் திருந்துவான் என்பது அவருடைய துயரம். வெளியே ரவூப், தேநீர்க்கடை முதலாளி, பஸ்ஸுக்கு நேரமாகிறது, கமலம் எப்ப சாகிறது என்று கேட்டுக் கத்தினார். ஈற்றில் கமலத்தைக் காய்ச்சலில் சாகடிப்பது என்று முடிவாயிற்று.

கடைசிக் காட்சியில் ஜைனுதீன் கண்மூடிப் படுத்திருந்தார். உடுத்திருந்தது சுசீலாதேவி இரவல் கொடுத்த நீலச் சேலை. பெட்டிக்குள் போகாமல் வெளியே எஞ்சிய ஒன்று. அந்தச் சேலை பாயில் கிடந்ததைக் கண்ட தியாகராஜா, எடுத்துக்கொடுத்த வசனங்களில் பாதியைச் சொல்லவில்லை. தள்ளாடவுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சேலையின் ஓரத்தை நேராக்கிக்கொண்டேயிருந்தார். சுந்தரம்மா மூக்கைச் சிந்தினார். பிணமாகக் கிடந்த ஜைனுதீனின் கண்ணிலிருந்து நீர் வழிந்ததை எவரும் குறையாகச் சொல்லவில்லை.

நாடகம் முடிந்தபின் தர்மராஜா பின்பக்கம் வந்தார். நடந்ததை மறைக்கவில்லை. நண்பனின் கை நடுங்கியதைப் பார்க்க முடியவில்லை என்று சொல்லி, அடி வாங்க நிற்பவர்போல் நின்றார். சுசீலாதேவி கொப்பியைச் சுருட்டிக்கொண்டே பேசினார்.

“நீங்கள் கெட்ட ஆளெண்டால் எனக்குச் சுகம், அண்ணை. கதவைச் சாத்தியிருப்பன். நீங்கள் நல்லவர். நல்லவரிட்டை இருந்து இவரை எப்பிடிக் காப்பாத்துறது எண்டுதான் எனக்குத் தெரியேல்லை.”

தர்மராஜா பின்வாசல் வழியே போய்விட்டார்.

மகள் முன்னே சுந்தரம்மாவோடு நடக்க, இருவரும் பின்னே வந்தார்கள். தவறணை திறந்திருந்தது, அதைக் கடந்தபின்புதான் தியாகராஜா வாய் திறந்தார்.

“இஞ்சாரும். முதல் மிடறு எனக்குத் தெரியாது. அம்மனாணை தெரியாது.” சிறிது தூரம் நடந்தார். “மிச்சம் தெரிஞ்சுதான் குடிச்சனான். கிண்ணத்தை வைச்சிருக்கலாம். வைக்கேல்லை.”

அவர் சொல்லாவிட்டால் அது எவருக்கும் தெரிந்திருக்காது. சுசீலாதேவி கேட்டுக்கொண்டே நடந்தார்.

மறுநாள் விடியற்காலை சுசீலாதேவி எழுந்தபோது கட்டிலின் கீழே பெட்டியைக் காணவில்லை. அது வாசற்படியில் இருந்தது. தியாகராஜா அதைத் தாமே சுமந்துவந்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த மஞ்சள் நூலைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்திருந்தார். ஒரு துளி பட்டால் விடியக் கோச்சி என்பதுதான் பேச்சு. பேச்சை அவர் மறுக்கவில்லை. ரிக்ஷாவுக்குச் சொல்லியிருப்பதாகவும், பிள்ளையை எழுப்பவேண்டாம், தூக்கிக்கொண்டு வருவதாகவும் சொன்னார்.

சுசீலாதேவி படியில் அமர்ந்தார். தூரத்தில் புகையிரதம் கூவியது. அதற்கு இன்னும் நேரம் இருந்தது. மேடையில் உயர்ந்து நின்ற கிண்ணத்தையும், எவரும் கேளாமலே நேற்று வழியில் சொல்லப்பட்ட அந்த மிச்சத்தையும், இப்போது படியில் இருக்கும் பெட்டியையும் அவர் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பிறகு முந்தானையிலிருந்த திறப்பை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். மேலே கிடந்த சேலைகளை விலக்கி, அடியிலிருந்து மகளின் பச்சைச் சட்டையை உருவி எடுத்தார். மடிப்பில் கோடு விழுந்திருந்தது. அதை மடியில் விரித்துக் கையால் நீவினார்.

“இண்டைக்கு எத்தினையாம் நாள்?” என்று கேட்டார்.

இம்முறை தியாகராஜாவுக்கு எடுத்துக்கொடுக்க எவரும் இல்லை.

“முதலாம் நாள்,” என்றார்.

சுசீலாதேவி பெட்டியை மூடினார். மற்ற உடுப்புகள் உள்ளேயே இருந்தன.

“உள்ளுக்குக் கொண்டுபோய் வையுங்கோ,” என்று சொல்லிவிட்டு, சட்டையை ஸ்திரி போடுவதற்காக அடுப்பிலிருந்து கரி எடுக்கச் சென்றார்.